மலைமேல் ஒரு பழைய பென்ஸ்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

கோயம்புத்தூர் செகண்ட் ஹேண்ட் கார் கடைகளில் 2012, 2013 மாடல் மெர்சிடிஸ் இ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஆடி ஏ4 எல்லாம் இன்று ஏழு முதல் பத்து லட்சத்துக்குள் கிடைக்கின்றன. புதிதாக ஒரு ஸ்விஃப்ட் எடுத்து ரோட்டுக்குக் கொண்டுவரவும் ஏறக்குறைய அதே பணம்தான் ஆகும். அதனால் கேரட்டோ பச்சைத் தேயிலையோ ஒரு வருஷம் நல்ல விலைக்குப் போனால், ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது: அதே காசுக்கு ஏன் ஒரு பென்ஸ் எடுக்கக் கூடாது?

ஆசையில் தப்பே இல்லை. இந்த வண்டிகள் மலைக்கு நன்றாகவே ஒத்துப்போகும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜின் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டினதும் மூச்சு வாங்குவது இதனால்தான். டர்போ டீசல் அந்தக் குறையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் சக்கரம் வழுக்கினால் பிடித்து நிறுத்தும் ஈஎஸ்பி, ஆறேழு ஏர்பேக், மூடுபனியில் ரோட்டைக் காட்டும் நல்ல விளக்கு எல்லாம் இவற்றில் உண்டு. மெர்சிடிஸும் பிஎம்டபிள்யூவும் பின்சக்கர இழுவை என்பதால் முன்சக்கரம் நன்றாகத் திரும்பும். நீளமான வண்டியாக இருந்தாலும் பெரும்பாலான வளைவுகளில் ஒரே வீச்சில் திரும்பிவிடும்.

சிக்கல் முழுக்க வாங்கின பிறகுதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்கு இது. நீலகிரியில் அந்தச் சுமைகூலி எப்படிச் சேர்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு மலிவு?

நாற்பது லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி பன்னிரண்டு வருஷத்தில் எட்டு லட்சத்துக்கு வந்து நிற்கிறது. புது வண்டி வாங்குபவருக்கு வாரண்டி இருக்கும்வரைதான் அது சுகம். வாரண்டி முடிந்ததும் முதல் உரிமையாளர் கைமாற்றிவிடுகிறார். இரண்டாவது ஆள் நாலைந்து வருஷம் ஓட்டுகிறார். மூன்றாவது ஆளிடம் வரும்போதுதான் கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், கூலிங் என்று பெரிய பாகங்கள் எல்லாம் ஆயுசின் கடைசிக்கு வந்திருக்கும். விலை இறங்கியதற்குக் காரணமே அடுத்து வரப்போகும் அந்தச் செலவுதான். விற்பவர் அதைக் கழித்துக்கொண்டு விலை சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டெல்லி வண்டிகளும் இதில் சேரும். தலைநகர்ப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசலுக்கும் பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோலுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை போட்டது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்தது. அதிலிருந்து அந்தப் பக்கத்துச் சொகுசு வண்டிகள் மலிவாகத் தெற்கே இறங்க ஆரம்பித்தன. புதுச்சேரி எண் போட்ட பழைய சொகுசு வண்டிகளும் நிறைய உண்டு, அங்கே வரி குறைவு என்று அந்தக் காலத்தில் அங்கே பதிவு செய்தவை. இவற்றின் வரிக் கணக்கு தனி. அதைப் பின்னால் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விஷயம் ஒன்றுதான். வண்டியின் விலை வருஷத்துக்கு வருஷம் இறங்கும், பாகத்தின் விலை இறங்காது. எட்டு லட்சத்துக்கு வாங்கினாலும் ரிப்பேருக்கு உள்ளே போகும்போது அது நாற்பது லட்சத்து வண்டிதான். ஒரிஜினல் ஹெட்லைட் ஒன்று லட்சத்தைத் தாண்டுவது இந்த வகையில் சகஜம். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள மாடலில் ஒரு பக்கத்து ஸ்ட்ரட்டும் (சக்கரத்தைத் தாங்கும் தூண்) அப்படித்தான். வாங்கின விலையை மனதில் வைத்துக்கொண்டு பில்லைப் பார்த்தால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

இறக்கம் கேட்கும் கூலி

சமவெளியில் இதே வண்டியை வைத்திருப்பவருக்கும் மலைமேல் வைத்திருப்பவருக்கும் செலவு ஒன்றாக இருக்காது. மலை எந்தப் பாகத்தை அதிகம் உழைக்க வைக்கிறதோ, இந்த வண்டிகளில் அதே பாகம்தான் விலை அதிகம்.

பிரேக்கில் ஆரம்பிக்கலாம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். அதற்குள் வண்டி சுமார் 1,900 மீட்டர் கீழே இறங்குகிறது. ஆளோடு சேர்த்து 1,700 கிலோ எடை என்று வைத்தால், அந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய சக்தி மூன்று கோடி ஜூலுக்கு மேல். தொண்ணூறு லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்க அந்தச் சூடு போதும். இதில் ஒரு பங்கை எதிர்காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை ஒன்று இன்ஜின் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் டிஸ்க் பிடிக்க வேண்டும். "ஏறுற கியர்லயே இறங்கு" என்று இங்கே பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வந்ததும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். டி-யில் போட்டுவிட்டு மேலிருந்து கீழ்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே போகிறார்கள். இந்த வகை வண்டிகள் எல்லாவற்றிலும் கியரைக் கையால் மாற்றும் வசதி உண்டு. இறக்கத்தில் அதைப் போட்டு இரண்டு, மூன்றில் நிறுத்தி வைப்பது கட்டாயம். டீசலில் இன்ஜின் பிடிமானம் பெட்ரோலைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் நினைப்பதைவிட ஒரு கியர் கீழே வைக்க வேண்டியிருக்கும். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில், அந்த 36 வளைவுகளிலும், இதைச் செய்யாமல் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

ஐரோப்பிய வண்டிகளில் பேடோடு சேர்ந்து டிஸ்க்கும் தேயும், அது அந்த வடிவமைப்பிலேயே உள்ளது. பொதுவாக இரண்டு முறை பேட் மாற்றினால் ஒரு முறை டிஸ்க்கும் மாற்ற வேண்டும். வண்டி பார்க்கப் போகும்போது இதைக் கையாலேயே சோதிக்கலாம். வீல் ஸ்போக்குக்கு நடுவே விரலை விட்டு, வண்டி ஆறியிருக்கும்போது, டிஸ்க்கின் வெளி விளிம்பைத் தடவிப் பாருங்கள். பேட் படாத ஓரத்தில் ஒரு வரம்பு எழும்பியிருக்கும். நகம் தட்டி நிற்கும் அளவுக்கு அந்த வரம்பு இருந்தால் டிஸ்க் முடியப் போகிறது. டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள். மெக்கானிக்கிடம் தடிமன் அளக்கும் வெர்னியர் இருந்தால் ஒரு நிமிஷ வேலை. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், பேட், தேய்மான சென்சார் என்று போட்டால் சின்ன வண்டிக்கு ஆவதைவிட மூன்று, நான்கு மடங்கு ஆகும். மலையில் அது சமவெளியைவிடச் சீக்கிரம் வரும்.

பிரேக் ஆயிலை யாரும் கவனிப்பதில்லை. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் அது 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரையோடு போகும். குன்னூர் மாதிரி எப்போதும் ஈரமாக இருக்கும் ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். இருப்பதிலேயே மலிவான பராமரிப்பும் இதுதான்.

உயரமும் கூலன்ட்டும்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது கூலிங். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேக நேரம் எடுப்பது நமக்குப் பழகிப்போனது. ஆனால் காருக்குள் என்ன நடக்கிறது என்று பலர் யோசிப்பதில்லை. இன்ஜினின் கூலிங் பாதை மூடி போட்டு அழுத்தத்தில் இருக்கிறது. மூடியும் குழாயும் டேங்கும் சரியாக இருக்கும்வரை ஊட்டியிலும் கூலன்ட் 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். அழுத்தம் கசிந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால்கூட 100 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். முந்தைய உரிமையாளர் வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். பிஎம்டபிள்யூவின் சில பெட்ரோல் இன்ஜின்கள் மைலேஜுக்காகவும் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் 100 டிகிரிக்கு மேலேயே ஓடும்படி அமைக்கப்பட்டவை. அழுத்தம் இல்லாமல் அந்த இன்ஜின் மலையேறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தலைப்பகுதி வளைந்து ஹெட் கேஸ்கட் போனால் அதோடு சில லட்சம்.

இந்த வண்டிகளில் எக்ஸ்பேன்ஷன் டேங்க் (சூட்டில் விரியும் கூலன்ட்டுக்கு இடம் தரும் டப்பா), தெர்மோஸ்டாட் உறை, குழாய் இணைப்புகள் எல்லாம் பிளாஸ்டிக். பத்து வருஷம் சூடாகி ஆறிச் சூடாகி அது நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். டேங்கின் இரண்டு பாதிகளும் ஒட்டியிருக்கும் தையல் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விரிசல் விட்ட டேங்கில் தண்ணீர் சொட்டாது. சூடாக இருக்கும்போது மட்டும் மெல்லிசாகக் கசிந்து, அங்கேயே காய்ந்து, நீலமாகவோ ரோஸாகவோ உப்புப் பூத்த மாதிரி ஒரு கோடு மட்டும் நிற்கும். குன்னூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டி வண்டிக்காரரிடம் காட்டினார்: "அண்ணா, இதுக்கு மேல தண்ணி ஊத்திப் பிரயோஜனம் இல்ல. இன்னிக்கே டேங்கை மாத்திருங்க, இல்லன்னா பர்லியாறுல நிப்பீங்க." டேங்க் சில ஆயிரம்தான். மாற்றாமல் விட்டால் போவது இன்ஜின்.

பிஎம்டபிள்யூ பெட்ரோல் மாடல்கள் பலவற்றில் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடாது, மின்சாரத்தில் ஓடும். அது சத்தம் போட்டு எச்சரிக்காமல் திடீரென்று நின்றுவிடும். லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய வண்டியில் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ்

சீசனில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறுவது எப்படி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பத்தடி நகர்ந்து நின்று, மறுபடி பத்தடி. இந்த வேலையை எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒரே மாதிரி தாங்காது.

இன்ஜின் சக்தியை ஆயில் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை இதற்குச் சரி. பிஎம்டபிள்யூவில் வரும் இசட்எஃப் ஆறு, எட்டு கியர் பெட்டிகளும் மெர்சிடிஸின் ஏழு கியர் பெட்டியும் இந்த வகை. ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் இரண்டு கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ போன்றவற்றில் வந்தது, ஊர்ந்து ஏறும்போது கிளட்ச் தேய்ந்து சூடாகும். முன்சக்கர ஆடி ஏ4, ஏ6 டீசல்களில் வந்த கியர் படிகளே இல்லாத மல்டிட்ரானிக் சிவிடி-யை மலைக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நல்ல பெட்டியாக இருந்தாலும் ஆயில் ஒரு விஷயம். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று கார் கம்பெனி சொல்லியிருக்கும். பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்துக்குள், மாற்றச் சொல்கிறது. இந்தப் பெட்டிகளில் ஆயில் ஃபில்டர் தனியாக வராது, அடிப் பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்தே வரும். எனவே ஆயில் மாற்றுவது என்பதே ஒரு நல்ல தொகை. அதைச் செய்த பில் உள்ள வண்டிக்கு ஐம்பதாயிரம் கூடக் கொடுக்கலாம். ஏற்றத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது உதைத்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

2015-க்கு முன் வந்த பல பிஎம்டபிள்யூ 320டி, 520டி வண்டிகளில் இருக்கும் என்47 டீசல் இன்ஜின் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இதன் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்து சத்தம் வந்தால் அதை எட்டுவதற்கே இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். பாகத்தைவிடக் கூலி பெரிது. காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கத்திலிருந்து உரசும் சத்தம் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். அதனால்தான் "வண்டியைச் சூடு பண்ணி வைக்காதீங்க, நானே வந்து ஸ்டார்ட் பண்ணிக்கிறேன்" என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சஸ்பென்ஷன், டயர் பற்றி நீட்டத் தேவையில்லை. மூன்று மடங்கு வளைவு, மூன்று மடங்கு குழி. சக்கரத்தைப் பிடிக்கும் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ்கள் சீக்கிரம் போகும், முன் டயரின் வெளித்தோள் முதலில் தேயும். பிஎம்டபிள்யூவில் கம்பெனியிலிருந்தே வருவது ரன்ஃப்ளாட் டயர். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும் என்பது அதன் கணக்கு. மேலே அந்த அளவு டயர் கடையில் இருப்பு இருக்காது என்பதால் அந்த 80 கிலோமீட்டர் கோயம்புத்தூர் போய்ச் சேரக் கிட்டத்தட்டத்தான் போதும்.

பனி, மழை, இலை

அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8-ல் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது அபூர்வம்தான். ஆனால் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமும் வண்டியை வருஷத்தில் பல மாதம் நனைத்தே வைத்திருக்கும். சில்வர் ஓக், சைப்ரஸ், யூகலிப்டஸ் இலைகள் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் சேர்ந்து மட்கும். அங்கே தண்ணீர் வெளியேற ஓட்டை இருக்கிறது, சன்ரூஃபின் நாலு மூலையிலும் மெல்லிய குழாய் இருக்கிறது. இவை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். உள்ளே எங்கே போகும்? சில மாடல்களில் சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்குக் கீழே, டிக்கியின் அடிக் குழியில் என்று எலெக்ட்ரானிக் பெட்டிகள் அங்கங்கே உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் கதவு பூட்டாது, மறுநாள் விளக்கு தானே எரியும், அப்புறம் பேட்டரி இரவோடு இரவாக இறங்கும். காரணம் ஒரு கைப்பிடி இலைதான்.

ஆகவே வண்டி பார்க்கும்போது முன்பக்கக் கால்மிதியைத் தூக்கி, கார்ப்பெட்டைக் கைமுட்டியால் அழுத்திப் பாருங்கள். ஸ்பான்ஜிலிருந்து ஈரம் வந்தாலோ, கதவைத் திறந்ததும் பூஞ்சணம் வாசம் அடித்தாலோ அந்த வண்டி வேண்டாம். வாங்கிய பின் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இலையை வாரிச் சுத்தம் செய்வது உங்கள் வேலை. குன்னூரில் குரங்கு வைப்பரைப் பிடுங்குவது, எலி வயரைக் கடிப்பது, இரவில் காட்டெருமை உரசிப் போவது எல்லாம் எந்த வண்டிக்கும் நடக்கும். ஆனால் மாருதியின் சைடு கண்ணாடி உடனே கிடைக்கும். கேமராவும் ஹீட்டரும் வைத்த ஆடி காரின் சைடு கண்ணாடிக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் எதைத் தராது?

"எதுன்னாலும் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும்" என்ற தைரியம் பழைய வண்டிக்குச் செல்லாது. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் அரசு நிர்ணயித்தது: 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,500 சிசி-க்கு மேற்பட்ட காருக்கு 7,897 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அதே 1,000 முதல் 1,500 சிசி வண்டிக்கு 3,416. சரி, இது பெரிய வித்தியாசம் இல்லை.

பெரிய வித்தியாசம் சொந்தச் சேதத்தில் இருக்கிறது. பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகத்தில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக்குக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். அதாவது பாகத்தின் பில்லில் பாதி உங்கள் கையிலிருந்து. தேய்மானம் கழிக்காத பாலிசியை இந்த வயது வண்டிக்குப் பொதுவாகத் தர மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில், அதாவது ஐடிவி-யில், 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டம் என்று கணக்கு முடித்துவிடலாம். ஏழு லட்சம் ஐடிவி என்றால் அந்த எல்லை ஐந்தேகால் லட்சம். மூடுபனியில் முன்னால் நின்ற லாரியில் சாதாரணமாக மோதினாலே இரண்டு ஹெட்லைட், பானெட், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், இரண்டு ஏர்பேக் என்று அந்த எல்லையைத் தொட்டுவிடும். ஓடக்கூடிய வண்டி, ஆனால் கதை முடிந்தது. பிரீமியம் மிச்சம் பிடிக்க ஐடிவி-யைக் குறைத்துப் போடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத வருஷங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது.

ஆர்.சி. கணக்கு

வெளிமாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், ஆயுள் வரியும் கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ப வரி விகிதம் குறையும், ஆனால் அந்த விகிதம் போடுவது நீங்கள் கொடுத்த எட்டு லட்சத்தின் மேல் கிடையாது, புதிதாக விற்றபோது இருந்த விலையின் மேல். டெல்லி வண்டியும் புதுச்சேரி வண்டியும் மலிவாகத் தோன்றி இந்த இடத்தில்தான் சமமாகிவிடும். விலை பேசும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் தொகையைக் கேட்டுவிடுவது நல்லது.

பதினைந்து வருஷம் முடிந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். இருபது வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். அதன் மேல் பசுமை வரி தனி. 2012 மாடல் வாங்குகிறீர்கள் என்றால் 2027-லேயே இந்த வேலை வந்துவிடும்.

இங்கே டிஎன் 43 எண்ணுக்கு ஒரு தனி மதிப்பும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், நீலகிரிப் பதிவெண் வண்டிகளுக்கு வேண்டாம். கல்லட்டி வழியே வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. மேலே குடியிருந்துகொண்டு கோயம்புத்தூர் எண்ணையே வைத்திருப்பது வீண் அலைச்சல்.

கையில் எவ்வளவு வேண்டும்?

மேலே இந்த மூன்று கம்பெனிகளுக்கும் சர்வீஸ் சென்டர் கிடையாது, கோயம்புத்தூர்தான் பக்கம். ஊட்டியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். ஆட்டோமேட்டிக் வண்டியை, அதுவும் நாலு சக்கர இழுவை என்றால், கயிறு கட்டி இழுத்துப் போகக் கூடாது. தட்டு வைத்த ரிக்கவரி வண்டிதான். அது மேலே ஏறி வந்து, ஏற்றி, சீசன் என்றால் கோத்தகிரி வழியே இறங்கிப் போக ஒரு நாள் ஆகிவிடும். பாகம் வரும்வரை வண்டி அங்கே நிற்கும், நீங்கள் பஸ்ஸில் போய் வர வேண்டும். வீட்டில் இன்னொரு வண்டி இல்லாதவர்கள் இதை வாங்குவது சரிப்படாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

வருஷம் பத்தாயிரம் கிலோமீட்டர் மலையிலும் கீழேயுமாக ஓட்டுவதாக வைத்து ஒரு கணக்குப் போடுவோம். டீசல் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், விலை 93 ரூபாய் என்றால் எரிபொருள் 77,500. சின்ன பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கொடுத்தால் அதற்கும் 72,000 ஆகிவிடும். எனவே எரிபொருளில் வித்தியாசமே இல்லை எனலாம். மைலேஜ் கேட்டு வண்டி வாங்குவதில் அர்த்தம் இல்லை. மற்றதில்தான் பிரிகிறது. இன்ஷூரன்ஸ் 25,000, வெளியே நல்ல ஒர்க்‌ஷாப்பில் ஆயில், ஃபில்டர் சர்வீஸ் 25,000, டயருக்கு வருஷப் பங்கு 15,000, பிரேக்குக்கு 20,000, அப்புறம் எப்போது எது போகும் என்று தெரியாத பாகங்களுக்கு ஒதுக்கீடு 80,000. மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பழைய ஸ்விஃப்ட்டுக்கு இதே தலைப்புகளில் நாற்பதாயிரம் தாண்டாது. இவை என் அனுபவக் கணக்கு. மாடலுக்கு மாடல் மாறும். ஒதுக்கீட்டுத் தொகை ஒரு வருஷம் செலவாகாமல் போகலாம், மறு வருஷம் மூன்று மடங்காக வரலாம். அதனால் எட்டு லட்சம் கையில் இருந்தால் ஐந்தரை லட்சத்து வண்டியைப் பார்ப்பதுதான் சரி. மீதியைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். கடன் வாங்கி இந்த வண்டி வாங்குவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

பெட்ரோல் மாடல் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. அதற்கு ஏற்ற ரப்பர் குழாயும் சீலும் பத்து வருஷத்துக்கு முந்தைய வண்டிகளில் இருக்கும் என்று நம்ப முடியாது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீத எத்தனாலுக்கு (இ10) சரிசெய்த கார்களில் மைலேஜும் 6, 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மார்க்கெட்டுக்கும் வீட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் டீசலின் ஈஜிஆர் வால்வு கரி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது கீழே போய் வரும் ஆளுக்கு டீசல், ஊருக்குள்ளேயே சுற்றும் ஆளுக்கு இரண்டுமே வேண்டாம்.

முடிவாக வாங்குவது என்று தீர்மானித்தால் ஸ்டீல் ஸ்பிரிங், டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ், சன்ரூஃப் இல்லாவிட்டால் இன்னும் நல்லது, அதிகம் விற்ற நான்கு சிலிண்டர் டீசல் மாடல். அதிகம் விற்றதால்தான் வெளிச்சந்தையில் பாகம் கிடைக்கும். ஆறு சிலிண்டர், ஏர் சஸ்பென்ஷன், மசாஜ் சீட் உள்ள எஸ்-கிளாஸ் இதைவிட மலிவாகக்கூட வரும், பக்கத்தில் போகாதீர்கள். சாவியையும் எல்லா கன்ட்ரோல் பெட்டிகளையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மீட்டரில் கிலோமீட்டரைத் திருப்பினாலும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிலும் பிஎம்டபிள்யூ என்றால் சாவியிலும் பழைய எண் நிற்கும். ஸ்கேன் செய்ய விடாத கடைக்காரரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். விடுபவராக இருந்தால், ஸ்கேன் முடிந்ததும் வண்டியை மேட்டுப்பாளையம் வரை கொண்டு வரச் சொல்லி, அங்கிருந்து குன்னூர் வரை நீங்களே ஏற்றிப் பாருங்கள். குன்னூரில் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விட்டு, பானெட்டைத் திறந்து கூலன்ட் அளவையும் அந்த டேங்க் தையலையும் பார்த்துவிட்டு, கியரைக் கையால் போட்டு இறங்குங்கள். கீழே வந்து நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்காமல், பெடல் இறங்காமல், எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாமல் இருந்தால் விலை பேசலாம்.